சுவரைப் பார்த்த பெஞ்ச்

"நாய் காணோம்னு வந்திருக்காங்க. நகை காணோம்னு வந்திருக்காங்க. புருஷனைக் காணோம், ஆனா தேடறதுக்கு அவசரமில்லைன்னு ஒரு அம்மா வந்தாங்க" என்றாள் அண்ணி. "இருக்கக் கூடாதது இருக்குன்னு புகார் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

முதலாளி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டுமோ என்று யோசிக்கும் கட்டடத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர் அவர்.

அவர், அண்ணி, அவள் கொழுந்தன் மூன்று பேரும் நின்றிருந்தது விற்பனைக் கூடத்தில். நடுவே இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டது போல ஒரு மேஜை. அதன் மேல் வரப்போகும் குடியிருப்பின் மாதிரி. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் ஐந்து கோபுரங்கள், நீலப் பிசின் ஊற்றிய நீச்சல் குளம், உருண்டை உருண்டையாய் ஸ்பாஞ்சு மரங்கள், எங்கேயும் போகிற அவசரமில்லாத பிளாஸ்டிக் மனிதர்கள். ஐந்தாவது கோபுரத்தின் காலடியில் சாம்பல் நிறத்தில் கார் நிறுத்துமிடம். வழக்கு முளைத்திருந்தது அங்கேதான். பதினொரு மரம், ஒரு விளக்குக் கம்பம், ஒரு பெஞ்ச். வைத்தவர் குட்டிக் கார்களை நசுக்காமல் ஓரமாக வரிசையில் நிறுத்திவிட்டு வைத்திருந்தார்.

"நல்ல மனசுக்காரக் குற்றவாளி அண்ணி. நம்ம தெருவுல நிஜக் காரையே இப்படி நிறுத்த மாட்டாங்க" என்றான் கொழுந்தன்.

அண்ணி இருபது வருஷம் பரீட்சைக் கூடங்களில் பறக்கும் படையாகப் பறந்தவள். காலரிலும் செருப்படியிலும் பிட்டுத் தேடிய கண்கள் ஓய்வு பெற மறுத்ததால் ஒரு துப்பறியும் நிலையத்தைத் திறந்துவிட்டாள். உதவியாளனாகப் புருஷனின் தம்பியைச் சேர்த்துக்கொண்டாள். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன். வயது ஐம்பத்திரண்டு, வாய்க்கு மட்டும் இன்னும் பதினெட்டு.

"நீங்களே பிடுங்கிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டாள் அண்ணி.

"போட முடிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?" முதலாளி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "இந்த மாதிரியை முப்பது நாள் ஜனங்க பார்வைக்கு வெக்கணும். அதுக்குள்ள கம்பெனி சேக்கலாம், எதையாவது எடுத்தா மறுபடி முதல் நாள்ல இருந்து முப்பது நாள். இன்னிக்கு முப்பதாவது நாள். அஞ்சு மணிக்கு நகரமைப்பு அதிகாரி வந்து போட்டோ எடுத்து முத்திரை குத்துவார். போட்டோல என்ன இருக்கோ அதைத்தான் நான் கட்டணும்."

"இந்தப் பதினொரு மரம் இருந்தா?"

"அந்தக் கார் நிறுத்தற இடத்துல இப்போ தெருவோரப் பூங்கான்னு ஒண்ணு இருக்கே, அதை அப்படியே விட்டுடணும். கார் நிறுத்தற இடம் போச்சு. ஒரே ஒரு வழி இருக்கு. வெளியாள் எவனோ வந்து வெச்சிட்டான்னு நிரூபிச்சா அதிகாரியே எடுத்துடலாம்பார். அடுத்த வாரம் மண்ணு தோண்ட மிஷின் வருது."

"யார் மேல சந்தேகம்?"

"வாட்ச்மேன். அந்தத் தெருக்காரன், கான்ட்ராக்ட் ஆள், கம்பெனி ஆள் இல்ல. அவன் இல்லைன்னா அங்க வேற எவனோ. உங்க ஆபீசும் அங்கதானே இருக்கு. உங்களுக்கு எல்லா மூஞ்சியும் தெரியும்."

கொழுந்தன் நிமிர்ந்து மேலே பார்த்தான். "கேமரா இருக்கே சார்?"

"அது பொம்மை" என்றார் முதலாளி சற்றுச் சின்னக் குரலில்.

"எனக்கு என்ன வேலைன்னு ஒரே வரியில எழுதிக் குடுங்க" என்றாள் அண்ணி. "வாயால சொன்னதை நான் நம்பறதில்லை. பரீட்சைக் கூடத்துப் பழக்கம்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: மாதிரியில் மரங்களையும் பெஞ்சையும் வைத்தது யார் என்று கண்டறிந்து, இன்று மாலை அதிகாரி முன்னிலையில் சொல்ல வேண்டியது.

அண்ணி அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய ஆறு அங்குல ஸ்கேலை எடுத்தாள். மேஜை மேல் குனிந்து பெஞ்சை அளந்தாள். ஒன்றரை சென்டிமீட்டர். பிறகு மரத்தின் மேல் விரல் நுனியை வைத்தாள். "தம்பி, இந்த இலை எதுல செஞ்சது?"

கொழுந்தனும் குனிந்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தான். இலை, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். பிய்த்து, உதறி, கம்பியில் சுற்றியது.

மூன்று வாரமாக அவன் வீட்டுச் சமையலறையில் பச்சை நார் நிற்கவில்லை. ஆறு நார் உள்ள பாக்கெட் நாலு நாளில் காலி. எலி இழுத்துக்கொண்டு போகிறது என்று அவனே தீர்ப்புச் சொல்லி, பொறியும் வைத்திருந்தான். பொறியைப் பார்த்து அவன் மனைவி சிரித்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாசம். நடக்க வேண்டும், மேடு பள்ளம் இல்லாத மண்ணில் மட்டும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. முதல் நாள் பூங்காவில் அரைச் சுற்றில் உட்கார்ந்து அழுதவள் இப்போது எட்டுச் சுற்று போகிறாள். அந்த எட்டுச் சுற்று போய்விட்டால் அவள் திரும்பக் கட்டிலுக்குத்தான் போவாள். கொழுந்தனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"இது பாசி அண்ணி" என்றான் கூசாமல். "கடல் தாண்டி வர்ற ரகம். பெரிய இடத்துக் கை ஏதோ இருக்கு இதுல."

"ம்" என்றாள் அண்ணி. அந்த 'ம்'மை அவன் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறான். இன்று வரை அர்த்தம் பிடிபட்டதில்லை.

அந்த நேரத்தில் வீடு வாங்க வந்த கணவன் மனைவி இருவரை அழைத்துக்கொண்டு விற்பனை மேடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். நீலக் கோட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் நீளமான குச்சி.

"பக்கத்துல பூங்கா மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"இருக்கு சார்" என்று மேடம் குச்சியால் பதினொரு மரத்தைத் தொட்டுக் காட்டினாள். முதலாளியின் முகம் சுருங்கியது. ஆனால் வாடிக்கையாளர் எதிரில் அவரும் தலையை ஆட்டத்தான் செய்தார்.

"சரி தம்பி, நிஜத்தைப் பாக்கலாம் வாங்க" என்றாள் அண்ணி.

பூங்கா என்பது மரியாதைக்குச் சொல்வது. வளைந்து போகிற தெருவில் சைக்கிள் கடைக்கும் ஒரு பழைய கிடங்கின் பின்சுவருக்கும் நடுவே விட்டுப்போன துண்டு நிலம். பதினொரு மரம். மூன்றாவது மரம் விளக்குக் கம்பத்தின் மேல் சாய்ந்து வளர்ந்து, இப்போது எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. மாதிரியிலும் மூன்றாவது மரம் இப்படித்தான் சாய்ந்திருந்தது. ஒரு இரும்பு பெஞ்ச், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடங்குச் சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

மாதிரியிலும் பெஞ்ச் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் கிடந்தது.

"யாரு இதை இப்படித் திருப்பிப் போட்டது?" என்று அண்ணி சைக்கிள் கடைக்காரரைக் கேட்டாள்.

"நாங்கதான்" என்றார் அவர், டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "அந்தப் பக்கம் பாத்து உக்காந்தா நாலு மணி வெயில் மூஞ்சியில அடிக்குது. இப்படிப் போட்டதுல இன்னொரு லாபம். போறவங்க வர்றவங்களைப் பாத்து வம்பு பேச முடியாது. தெருவுல சண்டையே குறைஞ்சு போச்சு." கொழுந்தனைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவும் மூச்சு வாங்கினா இங்கதானே உக்காருவாங்க. அதோ அந்த மேடத்தோட ஒரே பேச்சு" என்றார்.

"சைக்கிள் எல்லாம் இப்ப எப்படிப் போகுது?" என்றான் கொழுந்தன் அவசரமாக.

"மிதிச்சா போகுது" என்றார் அவர்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த விற்பனை மேடமேதான். கோட்டைக் கழற்றி மடியில் வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்தாள். "மத்தியானம் இங்க வந்துடுவேன். அங்க ஏசியில உக்காந்து சாப்பிட்டா சாப்பாடும் நானும் சேர்ந்து விறைச்சுப் போறோம்" என்றாள்.

"பாவம்" என்று கொழுந்தன் மனசார இரக்கப்பட்டான்.

"தம்பி, பெஞ்சை அளங்க."

"டேப் கொண்டு வரலையே அண்ணி." டேப் அவன் வலது பையில் கனத்துக்கொண்டிருந்தது.

"அப்ப படுங்க."

"என்னது?"

"பெஞ்ச் மேல நீட்டிப் படுங்க. உங்க உயரம் நூத்தி எழுபது. கல்யாணச் சட்டைக்கு அளவு எடுக்கக் கூட்டிட்டுப் போனது நான்தான்."

மேடம் டிபன் பாக்ஸோடு எழுந்து இடம் விட்டாள். கொழுந்தன் பிணம் போல நீட்டிப் படுத்தான். அண்ணி அவன் தலைக்கு மேல் ஒரு சாணும் காலுக்குக் கீழே அரைச் சாணும் வைத்துப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் டியூபை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டு மீட்டர்" என்றாள் அண்ணி. "அப்ப மாதிரியில ரெண்டு சென்டிமீட்டர் இருக்கணும். இருக்கறது ஒண்ணரை."

"கை தவறியிருக்கும் அண்ணி. இவ்வளவு சின்ன சாமானுக்கு அரை சென்டிமீட்டர் ஒரு தப்பா?"

"மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு கூடப் பாத்து வெச்சவங்களுக்குக் கையா தவறும்? இது தப்பு இல்ல தம்பி. பழக்கம்."

மேடம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு, நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மாதிரி செய்கிறவரின் பட்டறை இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில். எங்கே கை வைத்தாலும் பசை. ஜன்னல் ஓரத்தில் தலை இல்லாத பிளாஸ்டிக் மனிதர்கள் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி. அண்ணி செல்போனில் பெஞ்சின் படத்தைக் காட்டினாள்.

"இது என் வேலை இல்லீங்க" என்றார் ஒரே பார்வையில். "ஐஸ் குச்சியைச் சீவி ஒட்டியிருக்கு. ஆனா அளவு என்னோட அளவு."

"உங்க அளவுன்னா?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "வெளியில சொல்லாதீங்க. உக்கார்ற சாமான், படுக்கிற சாமான் எல்லாத்தையும் முக்கால் அளவுலதான் செய்வோம். கட்டில், சோபா, பெஞ்ச் எல்லாம். அப்பதான் ரூம் பெரிசாத் தெரியும். முதலாளி வாயால சொன்ன உத்தரவு, காகிதத்துல எங்கேயும் கிடையாது."

கொழுந்தனுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. ரெண்டு மீட்டரில் முக்கால் ஒன்றரை. அவன் மனைவி செய்திருந்தால் நிஜ பெஞ்சை அளந்து சரியாக ரெண்டு சென்டிமீட்டர் செய்திருப்பாள். கட்டின புருஷனின் சாப்பாட்டையே அளந்து போடுகிறவள். முக்கால் கணக்கெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்?

"இந்த ரகசியம் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

"எனக்கு. முதலாளிக்கு. வாங்க வர்றவங்களுக்குக் குச்சியால காட்டற மேடத்துக்கு. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வியாபாரம் என்னாவறது?" அவர் படத்தைப் பெரிதாக்கினார். "ஆனா செஞ்சவனுக்குப் புத்தி இல்லீங்க. பாருங்க, சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கான். எவனாவது சுவத்தைப் பாத்து உக்காருவானா? நானா இருந்தா நேரா வெச்சிருப்பேன்."

"நீங்க அந்தப் பூங்காவுக்குப் போனதில்லை?"

"எங்கேங்க நேரம். இந்த ஊரையே நான் நூத்துல ஒரு பங்கா பாத்துத்தான் பழக்கம்."

படி இறங்கும்போது கொழுந்தன் விரல் விட்டு எண்ணினான். முக்கால் கணக்கு தெரிந்தவர்கள் மூன்று பேர். மாதிரி செய்கிறவர் பெஞ்சை நேராக வைத்திருப்பார். முதலாளி தன் தலையில் தானே மரம் நடுகிற ஆள் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள் ஒருத்திதான் மிச்சம். அந்த டிபன் பாக்ஸ் கண் முன்னால் வந்ததும் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணி, கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடலாமே. வாழ்க்கையில ஒரு தடவை தோத்தா என்ன?"

"கண்டுபிடிச்சதைச் சொல்றதுதான் நம்ம வேலை."

"சொன்னா அந்த மேடம் வேலை போயிடும். பூங்கா போயிடும். உங்க ஓரகத்தி முழங்காலும் போயிடும்."

"ம்" என்றாள் அண்ணி.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரி வந்தார். ஒரு கேமரா, ஒரு முத்திரை, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற முகம். முதலாளி வாட்ச்மேனை வரவழைத்துச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார். மேடம் குச்சியைப் பிடித்துக்கொண்டு மேஜையின் மறுபக்கம் நின்றாள்.

"சொல்லுங்கம்மா, அதிகாரி முன்னாலயே சொல்லுங்க" என்றார் முதலாளி. "இவன்தானே?"

"இவருக்கு அந்த பெஞ்ச் தெரியும். ஆனா முக்கால் கணக்கு தெரியாது" என்றாள் அண்ணி.

முதலாளியின் முகம் வெளுத்தது. "என்ன முக்கால்?" என்றார் அதிகாரி, முதல் தடவையாக ஆர்வமாக. அண்ணி சொன்னாள். அதிகாரி குனிந்து, நீச்சல் குளத்தின் கரையில் மாதிரியோடு வந்த பெஞ்சையும் பூங்காப் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே நீளம்.

"வெச்சது நான்தான்" என்றாள் மேடம். யாரும் கேட்கும் முன்பே குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். "தினம் கூடம் திறந்ததும் ஒரு மரம். பதினொரு நாள். பன்னெண்டாவது நாள் பெஞ்ச்."

"ஏம்மா?" என்றார் அதிகாரி.

"பூங்கா இருக்கான்னு கேக்காம ஒருத்தரும் போனதில்லை சார். கேட்டதுக்கெல்லாம் இருக்குன்னு சொல்லுன்னு முதலாளி உத்தரவு. சொன்னேன். எத்தனை பேர் கிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியாது. நான் தினம் சாப்பிடற இடம் அது. அதைக் கார் நிறுத்தற இடமா ஆக்கப் போறோம்னு தெரிஞ்சுகிட்டே இருக்கு, இருக்குன்னு சொல்ல நாக்கு கூசிச்சு. இல்லாததை இருக்குன்னு சொன்னா பொய். வெச்சிட்டுச் சொன்னா பொய் இல்லையே."

முதலாளி பாய்ந்தார். "பாத்தீங்களா சார், திருட்டுத்தனம். எடுத்துடலாம் இல்ல?"

அதிகாரி காதைச் சொறிந்துகொண்டார். "வெளியாள் வெச்சா எடுக்கலாம். இவங்க கழுத்துல தொங்கறது உங்க கம்பெனி அட்டை. வெச்ச நேரம் வேலை நேரம். சொல்லச் சொன்னது நீங்க. பெஞ்ச் அளவு கூட உங்க ரகசிய அளவு. இதை விடக் கம்பெனி வேலை எதுவும் இருக்க முடியாது."

"இன்னிக்கே இவளை வேலையை விட்டு அனுப்பறேன்."

"அனுப்புங்க. இவங்க நாளைக்கு வேற கூடத்துல குச்சி பிடிப்பாங்க" என்றாள் அண்ணி. "அங்க கட்டில் சைஸ் பத்தி யாராவது கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்ற பழக்கம் இவங்களுக்கு."

மேடம் மெதுவாக, "சார், எல்லாரும் முதல்ல கேக்கறது அந்த மரத்தைப் பாத்த ஜன்னல் இருக்கற வீட்டைத்தான்" என்றாள். முதலாளி மாதிரியின் மேல் குனிந்து பார்த்தார். ஐந்து கோபுரமும் அப்படியே நின்றன. காலடியில் பதினொரு மரமும் நின்றன. கார்கள் ஓரமாகக் காத்திருந்தன.

"காரை எங்கய்யா விடறது?" என்றார் கடைசியில், யாரிடம் என்று இல்லாமல்.

"பூமிக்கு அடியில விடுங்க. எப்படியும் அடுத்த வாரம் தோண்டத்தானே மிஷின் வருது" என்றான் கொழுந்தன்.

அதிகாரி போட்டோ எடுத்தார். முத்திரை விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வாட்ச்மேன் சுவரை விட்டு நகர்ந்து தன் நாற்காலிக்குப் போனார். மேடத்திடம் முதலாளி, நாளைக்கு நேரத்தோடு வந்து சேர் என்று மட்டும் சொன்னார். பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது.

"இருங்க. பெஞ்ச் இவ சீவினது. மரம்? இவ்வளவு பொறுமையா நாரைப் பிச்சு மரம் செஞ்சது யாரு?"

கொழுந்தன் மேலே பார்த்துப் பொம்மைக் கேமராவை ஆராய ஆரம்பித்தான். அண்ணி கைப்பையைத் திறந்து மடித்த காகிதத்தை நீட்டினாள்.

"வைத்தது யார்னு எழுதியிருக்கீங்க. செஞ்சது யார்னு எழுதலையே."

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, டேப் என் பையிலதான் இருந்துச்சு."

"வலது பை. படுத்தப்ப பெஞ்ச்ல இடிச்சுது."

"அது பாசியும் இல்ல."

"தெரியும் தம்பி. போன வாரம் என் வீட்டு நாரையும் சேர்த்து வாங்கிட்டுப் போனா உங்க வீட்டம்மா. எங்க வீட்டுலயும் எலி போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அப்ப காலையிலயே தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் பெஞ்ச்ல பிணமாப் படுத்து எந்திரிச்சேனே."

"செஞ்சது தெரியும். வெச்சது தெரியாது. வெச்சதும் அவளா இருந்திருந்தா அதையும்தான் சொல்லியிருப்பேன்." அண்ணி நடையை நிறுத்தாமல் சொன்னாள். "அவளா இருந்துடக் கூடாதேன்னு இன்னிக்குப் பூராவும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மூலைக் கடையில் கொழுந்தன் ஒரு பாக்கெட் பச்சை நார் வாங்கினான். பூங்காவில் வெயில் இறங்கியிருந்தது. அவன் மனைவி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டை அவள் மடியில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எலி மாட்டிச்சா?" என்றாள்.

"மாட்டிச்சு. விட்டுட்டேன்."

அவள் பாக்கெட்டை அவனிடமே கொடுத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்து எழுந்து, ஒன்பதாவது சுற்றுக்கு நடந்தாள்.